உறுதி எழுதப்படாத காணிக்கு மாமியாரின் சொல் சாட்சியாகுமா?

கேள்வி:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். வட குவீன்ஸ்லாந்தில் தாதியாகப் பணிபுரிகிறேன். என் கணவர் இங்குள்ள பூர்வகுடிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அவர்களுடைய மூதாதையரின் ஆற்றங்கரை நிலத்துக்காக ஃபெடரல் நீதிமன்றத்தில் உரிமைக் கோரிக்கை ஒன்று தாக்கலாகியிருக்கிறது. எண்பது வயதைக் கடந்த என் மாமியார் அதில் சாட்சி சொல்ல வேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். மாமி சிறுமியாக இருந்தபோதே பெற்றோருடன் பாம் தீவுக்கு அனுப்பப்பட்டவர். அவருக்குத் தாய்மொழியில் சில சொற்களும் பாட்டுகளும் மட்டுமே தெரியும். கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அந்தப் பகுதியில் பண்ணை வைத்திருந்த வெள்ளையர் ஒருவரின் பழைய குறிப்பில், அங்கிருந்த மக்கள் அழிந்துபோனார்கள் என்று எழுதியிருக்கிறதாம். எங்கள் ஊரில் காணி என்றால் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், வேண்டும். இங்கே வாய்ச்சொல்லை நீதிமன்றம் ஏற்குமா? இத்தனை காலம் வெளியே இருந்தவரின் உரிமை அற்றுப்போய்விடாதா? கணவரின் ஒன்றுவிட்ட சகோதரர்களோடு எல்லை பற்றி மனத்தாங்கலும் இருக்கிறது. நாங்கள் தனியாக மனுப் போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாய்ச்சொல்லை நீதிமன்றம் ஏற்கும். இத்தகைய வழக்குகளில் அதுவே முதன்மையான சான்று. நீண்டகாலம் வெளியே இருந்த ஒரே காரணத்தால் உரிமை அற்றுப்போகாது. தனியாக மனுப் போடுவது பெரும்பாலும் உங்கள் குடும்பத்துக்கே பாதகமாக முடியும். ஆனால் இந்த மூன்று விடைகளுக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை அறியாமல் சாட்சி சொல்லப் போகிறவர்கள் வீண் வேதனைக்கு ஆளாகிறார்கள். நிலம் யாருடையது என்பதோடு நீதிமன்றத்தின் கேள்வி முடிவதில்லை. எந்தச் சட்டத்தின்படி அது உங்களுடையது, அந்தச் சட்டத்தை நீங்கள் இன்றைக்கும் கைக்கொண்டு வாழ்கிறீர்களா என்றும் அது கேட்கிறது. உங்கள் மாமியாரின் சாட்சியம் அந்தக் கேள்விக்கு விடையாக அமைய வேண்டும்.

இந்தக் கேள்வி எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட பிராந்தியத்தில் கோவ் தீபகற்பத்தின் யோல்ங்கு மக்கள் பாக்சைட் சுரங்கத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1971இல் தீர்ப்பளித்த நீதிபதி பிளாக்பர்ன், அவர்களிடம் நுட்பமும் ஒழுங்கும் கொண்ட சட்ட அமைப்பு ஒன்று உண்டு என்பதை மனமார ஒப்புக்கொண்டார். ஆனாலும் அதிலிருந்து பிறக்கும் நில உரிமையை ஆஸ்திரேலியாவின் பொதுச்சட்டம் அங்கீகரிக்கவில்லை என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அந்த நிலை மாறியது 1992 ஜூன் 3 அன்று. டாரஸ் நீரிணையிலுள்ள மெர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவருடைய தோழர்களும் 1982இல் தொடங்கிய வழக்கில், பிரித்தானிய முடியின் இறைமை வந்ததனால் மட்டும் அங்கே முன்பே இருந்த மக்களின் நில உரிமை அழிந்துவிடவில்லை என்று நாட்டின் உச்ச மன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இந்த உரிமை அரசு கொடுத்த உரிமையன்று. அரசு வருவதற்கு முன்பே இருந்த உரிமை. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்தார்கள் என்றாலும், எழுதப்படுவதற்கு முன்பும் அது அங்கே வழக்கில் இருந்த சட்டந்தான் என்பதை நீங்கள் அறிவீர்கள். இங்கும் அதுபோலவே, எழுத்து இல்லாதது சட்டம் இல்லாததற்கு அடையாளமாகாது. ஆகவே உறுதி இல்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. எந்தப் பூர்வகுடிக் குடும்பத்திடமும் அந்த நிலத்துக்கு உறுதி இருக்க வாய்ப்பில்லை என்பது நீதிபதிக்கும் தெரியும்.

மாபோ தீர்ப்பைத் தொடர்ந்து வந்த 1993ஆம் ஆண்டின் பூர்விக நில உரிமைச் சட்டம், தன் 223ஆம் பிரிவில் நீங்கள் நிறுவ வேண்டியவற்றைச் சொல்கிறது. பாரம்பரியச் சட்டங்களும் வழக்கங்களும் இருக்க வேண்டும். அவற்றை அந்த மக்கள் ஏற்றுக் கடைப்பிடிக்க வேண்டும். நிலத்திலோ நீரிலோ உள்ள உரிமை அவற்றிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும். அதே சட்டங்கள், வழக்கங்களின் வழியாக அவர்களுக்கு அந்த நிலத்தோடு தொடர்பு இருக்க வேண்டும். ஆஸ்திரேலியப் பொதுச்சட்டம் அந்த உரிமையை அங்கீகரிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். படிக்க எளிதாகத் தோன்றும் இந்த வரிகளை நீதிமன்றங்கள் எவ்வளவு இறுக்கமாகப் பொருள் கொண்டன என்பதற்கு யோர்த்தா யோர்த்தா மக்களின் வழக்கை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். உங்கள் மாமியாரின் நிலைமைக்கு மிக நெருங்கிய பாடம் அதில் இருக்கிறது.

விக்டோரியாவுக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் இடையே, முர்ரே ஆற்றையும் கோல்பர்ன் ஆற்றையும் ஒட்டிய நிலங்களுக்காக அவர்கள் 1994இல் கோரிக்கை தொடுத்தார்கள். 114 நாள் விசாரணை நடந்தது; 201 சாட்சிகள் பேசினார்கள். 1998 டிசம்பரில் நீதிபதி ஓல்னி அந்தக் கோரிக்கையை நிராகரித்தார். 1840களில் அந்தப் பகுதியில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த எட்வர்ட் கர் என்ற குடியேறி, பிற்காலத்தில் எழுதி 1883இல் வெளியிட்ட நினைவுகளையே அம்மக்களின் பழைய வழக்கங்களுக்கு மிக நம்பகமான ஆதாரம் என்று அவர் கொண்டார். கர் எழுதியதோடு முரண்பட்ட இடங்களில், இன்று உயிரோடிருக்கும் முதியவர்களின் சாட்சியத்துக்குக் குறைந்த எடையே கிடைத்தது. இன்னொரு செய்தி என்னை இன்றும் வருத்துகிறது. 1881இல் மலோகா மிஷனில் வாழ்ந்த பூர்வகுடியினர், பயிர்செய்து பிழைக்கத் தங்களுக்குக் கொஞ்சம் நிலம் ஒதுக்கித்தர வேண்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் ஆளுநருக்கு ஒரு மனு எழுதினார்கள். எங்கள் எல்லைக்குட்பட்ட நிலம் முழுவதையும் அரசும் குடியேறிகளும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அதில் முறையிட்டிருந்தார்கள். நிலத்தைக் கேட்டு எழுதிய அந்த மனுவே, அவர்கள் தங்கள் பாரம்பரிய வாழ்வை அதற்குள் இழந்துவிட்டார்கள் என்பதற்குச் சான்றாக அவர்களுடைய வாரிசுகளுக்கு எதிராக நின்றது.

மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் 2002 டிசம்பரில் ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அந்த முடிவை உறுதிசெய்ததோடு, எல்லா வழக்குகளுக்கும் பொருந்தும் ஓர் அளவுகோலையும் வகுத்தது. இறைமை வந்த நாளில் இருந்த சட்ட ஒழுங்கு, அன்றுமுதல் இன்றுவரை தலைமுறைக்குத் தலைமுறை கணிசமான இடையறவின்றித் தொடர்ந்து வந்திருக்க வேண்டும். காலத்துக்கு ஏற்ப அது மாறியிருக்கலாம். ஆனால் அற்றுப்போய் மீண்டும் தொடங்கியதாக இருக்கக்கூடாது. அற்றுப்போயிருந்தால், அதற்குக் காரணம் அந்த மக்களை அரசே துரத்தியதுதான் என்று சொல்வதும் உதவாது. நிலத்தைப் பறித்தவனின் செயலே, பறிகொடுத்தவனின் வழக்கைத் தோற்கடிக்கும் காரணமாக அமைவதை நான் நியாயம் என்று ஒருநாளும் ஏற்கமாட்டேன். நாட்டின் சட்டச் சீர்திருத்த ஆணையமே 2015இல் இந்த வரையறையைத் திருத்தும்படி பரிந்துரைத்தது. ஆயினும் 223ஆம் பிரிவு மாறாத வரையில் நாம் இந்த அளவுகோலுக்குள் நின்றுதான் வாதாட வேண்டும்.

இனி உங்கள் மாமியாரின் விஷயத்துக்கு வருகிறேன். 1897ஆம் ஆண்டின் குவீன்ஸ்லாந்துச் சட்டம், பூர்வகுடியினரை அவர்களுடைய சம்மதம் இல்லாமலே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை அதிகாரிகளுக்கு வழங்கியது. 1918இல் தொடங்கப்பட்ட பாம் தீவுக் குடியேற்றத்துக்கு மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும், நாற்பதுக்கு மேற்பட்ட குழுக்களைச் சேர்ந்தவர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அப்படிப் போனவர்களின் நில உரிமை அங்கே இறங்கிய நாளோடு முடிந்துவிட்டதா? இல்லை. தென் ஆஸ்திரேலியாவின் வட கோடியிலுள்ள டி ரோஸ் ஹில் பண்ணை நிலம் பற்றிய வழக்கில், கோரிக்கையாளர்கள் பண்ணையைவிட்டு வெளியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தங்கள் புனித இடங்களைக் கவனிக்கத் திரும்பவில்லை என்பதை வைத்து முதல் நீதிபதி 2002இல் கோரிக்கையை நிராகரித்தார். ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2005இல் அந்த முடிவைப் புரட்டியது. காலால் மிதிக்காததனால் மட்டும் தொடர்பு அறுந்துவிடாது, அவர்களுடைய சட்டம் அவர்களை இன்னும் அந்த நிலத்துக்குரியவர்களாகக் கருதுகிறதா என்பதே கேள்வி என்று அது விளக்கியது. சமீபகாலத்தில் நிலத்தைப் பயன்படுத்தியதற்குச் சான்று இல்லை என்பதால் மட்டும் தொடர்பு இல்லை என்றாகிவிடாது என்று உயர் நீதிமன்றமும் 2002இல் மிரியுவுங் கஜெரோங் மக்களின் வழக்கில் கூறியிருக்கிறது.

ஆகவே, மாமியார் எத்தனை ஆண்டு வெளியே இருந்தார் என்பதைவிட, அந்த ஆண்டுகளில் எந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தார் என்பதே முக்கியம். அவருடைய தாயும் தந்தையும் பாம் தீவில் எந்தக் குடும்பங்களோடு பழகினார்கள், எந்தக் குடும்பத்தில் பெண் எடுக்கக்கூடாது என்று சொன்னார்கள், யார் முன்னால் பேசாமல் விலகி நடக்கச் சொன்னார்கள், எந்த மீனையோ விலங்கையோ உண்ணக்கூடாது என்று தடுத்தார்கள், அவ்வாறு தடுத்ததற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதெல்லாம் சான்று. பிற்காலத்தில் இறுதிச் சடங்குக்கோ மீன்பிடிக்கவோ அந்த ஆற்றங்கரைக்குத் திரும்பியபோது, தண்ணீரில் இறங்குமுன் அவர் யாரை அழைத்தார், எந்தப் பெயரைச் சொன்னார், எந்த மடுவின் பக்கம் பிள்ளைகளை விடவில்லை என்பதும் சான்று. இவற்றை அவர் அன்றாட வழக்கமாகவே நினைத்திருப்பார். சட்டம் என்று நினைத்திருக்கமாட்டார். வழக்கறிஞர் 'உங்கள் பாரம்பரியச் சட்டம் என்ன' என்று நேராகக் கேட்டால் அவர் மௌனமாக இருக்கவும் கூடும். அந்த மடுவில் பிள்ளைகளை ஏன் விடவில்லை என்று கேட்டால் ஒரு பகல் முழுவதும் பேசுவார். மொழியில் சில சொற்களே தெரியும் என்பதும் தனியாக வழக்கைத் தோற்கடிக்கும் குறை அல்ல. அவர் அறிந்த அந்தச் சில சொற்கள் இடப்பெயர்களாகவும் உறவுப்பெயர்களாகவும் இருந்தால், மொழியியலாளர் அவற்றைக் கொண்டே அந்த நிலத்தின் மொழி எது என்று காட்ட முடியும்.

அவர் ஒருவரே முழுச் சங்கிலியையும் தாங்க வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நீதிமன்றம் எடைபோடுவது ஒரு மக்கள்கூட்டத்தின் சட்டத்தை. அனுப்பப்படாமல் மேய்ச்சல் பண்ணைகளிலேயே மாடு மேய்ப்பவர்களாகவும் வீட்டு வேலைக்காரிகளாகவும் இருந்துவிட்ட குடும்பங்கள் நிலத்தைவிட்டு அகலாமல் அந்தச் சட்டத்தைக் காத்திருக்கக்கூடும். உங்கள் கணவரின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் அப்படிப்பட்ட கிளையாக இருந்தால், அவர்களுடைய சாட்சியமும் மாமியாரின் சாட்சியமும் ஒன்றையொன்று நிரப்பும். இரு கிளைகளும் ஒருவரையொருவர் பல பத்தாண்டுகளாகப் பார்க்காமலிருந்தும், ஒரே கதையை, ஒரே தடையை, ஒரே எல்லையைத் தனித்தனியே சொன்னால், அதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது. தலைமுறை வாரியாகச் சான்று வைக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. பெர்த் நகரை உள்ளடக்கிய நூங்கார் மக்களின் கோரிக்கையில் 2006இல் கிடைத்த சாதகமான தீர்ப்பை 2008இல் முழு அமர்வு நீக்கியதற்கு, இடைப்பட்ட தலைமுறைகளின் தொடர்ச்சியை முதல் நீதிபதி முறையாக ஆராயவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். மாமியார் தன் தாயைப் பற்றியும், தன் தாய் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துச் சொல்லும்போது மூன்று தலைமுறைகள் கைகோக்கின்றன. வட குவீன்ஸ்லாந்தின் பல பகுதிகளுக்கு வெள்ளையர் வந்ததே 1860களுக்குப் பிறகுதான் என்பதால், அந்த மூன்று தலைமுறைகள் முதல் சந்திப்புக் காலத்தை ஏறக்குறையத் தொட்டுவிடும். அதற்கு முன்பு, பிரித்தானிய இறைமை வந்த 1788வரை நிலைமை அப்படியே இருந்திருக்கும் என்று அனுமானிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் தயங்குவதில்லை.

அந்தப் பண்ணைக்காரரின் குறிப்பைப் பற்றி: அது கோப்பில் வந்தே தீரும், மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. மானுடவியலாளரும் வரலாற்றாளரும் அதை எடுத்து, எழுதியவர் எந்த ஆண்டுகளில் அங்கே இருந்தார், எவ்வளவு தூரம் மக்களோடு பழகினார், அவர்களுடைய மொழியை அறிந்திருந்தாரா, 'அழிந்துபோனார்கள்' என்று எழுதுவதில் அவருக்கு ஏதேனும் நலன் இருந்ததா என்று சோதிப்பார்கள். அந்நாளில் நிலத்தைப் பிடித்தவர்கள் அவ்வாறு எழுதுவது வாடிக்கை. அதைவிட வலிமையான மறுப்பு அரசின் சொந்த ஏடுகளிலேயே இருக்கலாம். அழிந்துபோனவர்களை எந்த அதிகாரியும் பாம் தீவுக்கு அனுப்பியிருக்க முடியாது. அனுப்பிய ஆணையும், எந்த ஊரிலிருந்து எந்தத் தேதியில் யார் அனுப்பப்பட்டார் என்ற பதிவேடும் குவீன்ஸ்லாந்து அரசின் ஆவணங்களில் உண்டு. அரசின் சமூக, தனிநபர் வரலாற்றுப் பிரிவுக்கு விண்ணப்பித்தால் குடும்பத்தினர் தங்களைப் பற்றிய பதிவுகளைப் பெறலாம். 1938இல் மானுடவியலாளர் நார்மன் டின்டேல் பாம் தீவுக்குச் சென்று அங்கிருந்தவர்களின் வம்சாவளிகளை விரிவாகக் குறித்துவைத்தார். மாமியார் அப்போது பிறந்திருக்கமாட்டார். ஆனால் அவருடைய பாட்டனாரின் உடன்பிறந்தார் யாராவது அதற்கு முன்பே அங்கு அனுப்பப்பட்டிருந்தால், அந்தத் தாள்களில் அவர்களுடைய பெயரும் பிறந்த இடமும் இருக்க வாய்ப்புண்டு. டின்டேலின் தாள்களிலும் பிழைகள் உண்டு. தந்தையின் பெயர் மாறியிருக்கலாம். பண்ணையின் பெயரே பிறந்த ஊராக எழுதப்பட்டிருக்கலாம். அவற்றுக்கும் குடும்பத்தின் நினைவுக்கும் வேறுபாடு தெரிந்தால், தாளுக்கு ஏற்ப நினைவைத் திருத்தச் சொல்லி மாமியாரை யாரும் வற்புறுத்தக்கூடாது. வேறுபாட்டை வேறுபாடாகவே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

சாட்சியம் எப்படிப் பதிவாகும் என்பதில் நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. மாபோ வழக்கில் முதல் சாட்சியங்கள் பதிவானபோது, மூதாதையர் சொன்னதைச் சொல்வது செவிவழிச் செய்தி என்று மாநில அரசின் தரப்பு மீண்டும் மீண்டும் ஆட்சேபித்தது. இன்று சாட்சியச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, பூர்வகுடிக் குழுவின் பாரம்பரியச் சட்டம், வழக்கம் பற்றிய கூற்றுகளுக்குச் செவிவழி விதியிலிருந்து விலக்கு அளிக்கிறது. 'என் அம்மா எனக்குச் சொன்னார்' என்பது இங்கே ஏற்கத்தக்க சாட்சியம். மேலும், இத்தகைய சாட்சியத்தை நகரத்து மன்றத்தில் மட்டுமல்லாமல் நிலத்திலேயே கேட்பது நெடுநாள் வழக்கம். நீதிபதியும் எல்லாத் தரப்பு வழக்கறிஞர்களும் பதிவாளர்களும் ஆற்றங்கரைக்கே வருவார்கள். மடக்கு மேசைகளும் நாற்காலிகளும் மரநிழலில் போடப்படும். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு உங்கள் மாமியார் கையை நீட்டி, அந்தப் பாறைக்கு அப்பால் எங்களுடையதல்ல என்று காட்டலாம். தனியாகப் பேசத் தயங்கினால் சகோதரிகளோடு சேர்ந்து குழுவாகச் சாட்சி சொல்லவும், பாட்டாகப் பாடிக் காட்டவும் விதிகள் இடம் தருகின்றன. பெண்கள் மட்டுமே அறியத்தக்க செய்தி இருந்தால், ஆண்கள் கேட்காதபடி கட்டுப்பாட்டு ஆணை பெறலாம்; ஆனால் அதை முன்கூட்டியே வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டும், நடுவில் சொன்னால் சிக்கலாகும்.

மக்கள் தங்கள் சட்டத்தைத் தங்கள் வழியிலேயே காட்டியதற்கு நூரரா ஓவியத்தைச் சொல்ல விரும்புகிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெரும் மணல் பாலைவன மக்கள், ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல முடியாததைக் காட்டுவதற்காக, 1997இல் பிர்னினி என்ற இடத்தில் ஏறக்குறைய எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவுள்ள ஒரே துணியில் தங்கள் நிலம் முழுவதையும் வரைந்தார்கள். பூர்விக நில உரிமைத் தீர்ப்பாயத்தின் கூட்டத்தில் அதை மணலில் விரித்து, ஒவ்வொருவரும் தத்தம் நீர்க்குழியின்மேல் ஏறி நின்று, தம் மொழியில் பேசினார்கள். அடுத்தவருடைய நீர்க்குழியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தக் கட்டுப்பாடே அவர்களுடைய சட்டம் உயிரோடிருப்பதற்குச் சான்று. 2007இல் அவர்களுடைய உரிமை அங்கீகரிக்கப்பட்டது. உங்கள் மாமியாரும், தனக்குப் பேச உரிமையில்லாத இடத்தைப் பற்றிக் கேட்டால், 'அதைச் சொல்ல வேண்டியவர் இன்னார்' என்று தயங்காமல் சொல்லலாம். அதை அறியாமை என்று எந்த அனுபவமுள்ள நீதிபதியும் எடுத்துக்கொள்ளமாட்டார்.

குறுக்கு விசாரணையில் ஓர் ஆபத்து உண்டு. முதிய பூர்வகுடிச் சாட்சிகள் பலர், அதிகாரமுள்ள ஒருவர் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்டால், மரியாதைக்காகவோ சண்டையைத் தவிர்ப்பதற்காகவோ 'ஆம்' என்று சொல்லிவிடுவார்கள். அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை. மிஷன் மேலதிகாரியின் கீழ் வளர்ந்தவர்களிடம் இந்தப் பழக்கம் ஆழமாகப் பதிந்திருக்கும். இதை வழக்கறிஞர் நீதிபதியின் கவனத்துக்கு முன்பே கொண்டுவரலாம். வீட்டிலோ நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: விடைகளைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அன்பினால் செய்தாலும் அது சாட்சியத்தைக் கெடுக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் சாட்சியை நீதிபதி நம்புவார். இணையத்திலோ டின்டேலின் தாள்களிலோ படித்ததைத் தன் பாட்டி சொன்னதாகச் சொல்லும் சாட்சியின் உண்மையான நினைவுகளும் அதோடு சேர்ந்து மதிப்பிழக்கும்.

தனி மனு பற்றிய உங்கள் கேள்விக்கு மாபோவின் கதையே விடையாக இருக்கிறது. உண்மைகளை விசாரித்த குவீன்ஸ்லாந்து நீதிபதி மொய்னிஹன், 1990இல் தந்த அறிக்கையில், மாபோ தனிப்பட்ட முறையில் உரிமை கோரிய நிலங்கள் பற்றிய அவருடைய சாட்சியத்தைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. ஆனால் உயர் நீதிமன்றம் மெர் தீவின் மெரியம் மக்கள் அனைவருக்குமாக உரிமையை அறிவித்தது. சில மாதங்களுக்கு முன்பு, 1992 ஜனவரியில் இறந்துவிட்ட மாபோ அதைக் காணவில்லை. இந்த உரிமை அடிப்படையில் குழுவுக்குரியது. சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி, முழு உரிமைக் குழுவும் 251பி பிரிவு கூறும் முறையில் அதிகாரமளித்த நபர்களே கோரிக்கை தொடுக்க முடியும். ஏற்கெனவே பதிவான கோரிக்கையின் குழுவில் இருப்பவர்கள் அதே நிலத்துக்கு இன்னொரு கோரிக்கை தொடுத்தால், பதிவுச் சோதனையிலேயே அது விழும். பதிவு கிடைக்காவிட்டால், சுரங்க உரிமம் போன்றவை வரும்போது பேச்சுவார்த்தை நடத்தும் உரிமையும் கிடைக்காது. எதிர்மனுதாரராகச் சேரும் வழி ஏட்டளவில் இருந்தாலும், குழுவின் உறுப்பினரே குழுவுக்கு எதிராக நிற்பதை நீதிமன்றம் எளிதில் அனுமதிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரு கிளைகளும் நீதிமன்றத்தில் ஒன்றையொன்று மறுத்துப் பேசினால், நான் மேலே சொன்ன மிக வலுவான சான்றை நீங்களே உடைத்துவிடுவீர்கள். எல்லை ஓர் ஆற்றின் கரையில் இருக்கிறதா, மலைமுகட்டில் இருக்கிறதா என்ற வேறுபாட்டை, இரு கிளைகளின் முதியவர்களும் மானுடவியலாளரும் சேர்ந்து அந்த இடத்துக்கே போய் நின்று பேசித் தீர்ப்பது நடக்கக்கூடிய காரியம். இரு தரப்புக்கும் பொதுவான நிலம் என்று ஒரு பகுதியை ஒப்புக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு.

வெற்றி பெற்றால் எந்த நிலம் எவ்வளவு உரிமையோடு கிடைக்கும் என்பது தனிக் கணக்கு. தனியாருக்கு முழு உரிமையோடு வழங்கப்பட்ட நிலத்தில் பூர்விக உரிமை முற்றாக அழிந்துவிட்டது. மேய்ச்சல் குத்தகை நிலத்தில் அது பகுதியாகத் தப்பியிருக்கும். வேட்டை, மீன்பிடி, சடங்கு, தங்குதல் போன்றவற்றுக்குக் குத்தகைக்காரரோடு பகிர்ந்துகொள்ளும் உரிமையாக அது இருக்கும். இரண்டும் மோதினால் குத்தகைக்காரரின் உரிமையே மேலோங்கும் என்று 1996இல் விக் வழக்கு தீர்மானித்தது. யாரும் குத்தகைக்கு எடுக்காத அரசு நிலத்தில் பிறரை விலக்கும் முழு உரிமை கிடைக்கலாம். பூர்வகுடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் குழுவினர் வாழ்ந்துவந்தால், முன்பு நேர்ந்த உரிமை அழிவுகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று 47ஏ பிரிவு சொல்கிறது. உங்கள் கோரிக்கை எல்லைக்குள் அத்தகைய நிலம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் கணவரின் பெயரில் தனிப் பட்டா எதுவும் வராது. குழு அமைக்கும் நிறுவனமே உரிமையை நிர்வகிக்கும்.

பெரும்பாலான கோரிக்கைகள் இறுதிவரை வாதாடப்படாமல், 87ஆம் பிரிவின்கீழ் அரசும் பிற தரப்புகளும் சம்மதித்துத் தீர்மானமாகின்றன. ஆனால் மாநில அரசு சம்மதிப்பதற்கும் தொடர்பைக் காட்டும் சான்றுகள் வேண்டும். அவற்றின் முதுகெலும்பு முதியவர்களின் வாக்குமூலங்களே. இந்த வழக்குகள் பல ஆண்டுகள் இழுப்பவை. அதனால் உங்கள் மாமியாரின் வயதை வழக்கறிஞரிடம் உடனே எடுத்துச் சொல்லி, விசாரணை தொடங்குவதற்கு முன்பே அவருடைய சாட்சியத்தைப் பதிவுசெய்து பாதுகாக்கும் ஆணையைக் கேட்கச் சொல்லுங்கள். அப்படிப் பதிவானது, அவர் பின்னர் நோயுற்றாலும் காலமானாலும் முழுச் சாட்சியமாகவே நிற்கும். வீட்டில் கைப்பேசியில் பதிவுசெய்ய விரும்பினால், அந்தப் பதிவு எதிர்த்தரப்பின் கைக்கும் போகக்கூடும் என்பதால் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இறந்தவர்களின் பெயரை உரக்கச் சொல்வது அவர்களுடைய வழக்கத்தில் தடையாக இருந்தால், அதையும் முன்பே தெரிவியுங்கள். அந்தப் பெயர்களை எண்களாலோ உறவுமுறையாலோ குறிக்க ஏற்பாடு செய்யலாம். அனுப்பப்பட்ட நாளைப் பற்றிய கேள்விகள் அவரை நிலைகுலையச் செய்யும். அந்தக் கேள்விகள் எப்போது வரும் என்று கேட்டறிந்து, அவருக்கு நெருக்கமான ஒருவரை அருகில் அமர்த்த அனுமதி வாங்குங்கள். நீங்கள் தாதி என்பதால் இன்னொன்றும் உங்களால் முடியும். ஒரே அமர்வில் எவ்வளவு நேரம் அவரால் உட்கார முடியும், எந்த வேளையில் அவருடைய மனம் தெளிவாக இருக்கிறது, காதுகேளாமை உண்டா, மருந்து எடுத்தபின் அயர்வு வருகிறதா என்பதையெல்லாம் அவருடைய மருத்துவரிடம் கடிதமாக வாங்கிக் கொடுங்கள். நீதிமன்றம் அதற்கேற்ப நேரத்தை ஒதுக்கும். காலை பத்து மணிக்குத் தெளிவாகப் பேசக்கூடியவரைப் பிற்பகல் வெயிலில் குறுக்கு விசாரணை செய்யும் நிலைமையை அந்தக் கடிதம் தவிர்க்கும்.